சும்மா இருக்கிறாள் அம்மா

சென்ற ஆண்டு இக்கல்லூரியில் இயற்பியல் முதலாண்டில் சேர்ந்தபோது, கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஒன்றை அலுவலகத்தில் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் அந்தத் தாளை எப்படி நிரப்புவது என்று வீட்டில் யாரையும் கேட்க வழியில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் ‘சுமை தூக்கும் தொழிலாளி’ என்று எழுதினேன். அடுத்த கட்டம் ‘தாயின் தொழில்’. பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நண்பர்களே! உங்களில் பலரும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். சற்று நாகரிகம் தெரிந்தவர்கள் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருக்கலாம். அரண்மனையும் இல்லை, கஜானாவும் இல்லை, ஏவலுக்கு ஓர் ஆளும் இல்லை, ஆயினும் அரசி! “அம்மா என்ன செய்யறாங்க?” என்று யாரேனும் கேட்டால் “வீட்ல சும்மாதான் இருக்காங்க” என்பதே நம் வாயில் முந்தி வரும் விடை. அந்த விடை பொய் என்பதும், அந்தப் பொய்யை வீட்டில் நாமும் நாட்டில் அரசும் கூடியே காப்பாற்றி வருகிறோம் என்பதும் என் கருத்து. வெறும் உணர்ச்சியால் இதைச் சொல்லவில்லை. ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டே சொல்கிறேன்.

சோதனைக்குக் காரணம் ஒரு புள்ளிவிவரம். 2019ஆம் ஆண்டு முழுவதும் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம், மக்கள் தங்கள் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100க்கு 81 பேர் கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறார்கள். அவர்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்களில் வீட்டு வேலையைத் தொடுகிறவர்களே 100க்கு 26 பேர்தாம்; அவர்களும் 97 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நூலகத்தில் இதைப் படித்தபோது, உண்மையைச் சொல்வதானால், நான் நம்பவில்லை. சமைப்பதும் பெருக்குவதும் சேர்ந்து ஐந்து மணி நேரமா? எங்கள் வீடு இரண்டே அறை கொண்டது. அதில் ஐந்து மணி நேரம் செய்ய என்ன இருக்கிறது?

பருவத் தேர்வு முடிந்து விடுமுறை வந்தது. ஆய்வக ஏட்டில் மிஞ்சியிருந்த தாள்களில் கோடு போட்டு, நேரம், செயல், குறிப்பு என்று மூன்று பத்தி பிரித்துக்கொண்டு ஒரு புதன்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்தேன். மறுநாள் வியாழக்கிழமை, பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு. ஐந்து வகைச் சோற்றில் எங்கள் வீட்டுப் பங்கு புளிச்சோறு. அதைப் புது எவர்சில்வர் தூக்குவாளியில் கொண்டுபோய், சோற்றோடு வாளியையும் கொடுத்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம்.

அம்மா எழுந்தது காலை 5 மணிக்கு. (நான் எழுந்தது 5.20க்கு. முதல் இருபது நிமிடத்தை அம்மாவைக் கேட்டுத்தான் எழுதினேன். சோதனையின் முதல் பிழை அது.) வாசல் தெளிப்பு, கோலம், தெருக்குழாயில் எட்டுக் குடம் தண்ணீர், அப்பாவுக்கும் தங்கைக்கும் சாப்பாடு, பாத்திரம், தங்கைக்குச் சடை, அடுப்படி துடைப்பு. 8.15க்கு அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். நடுவில் தேநீருக்கு என்று பத்து நிமிடம் கழித்தாலும் அதற்குள் 185 நிமிடம் ஆகியிருந்தது. தாளில் பாதிப் பக்கம் நிரம்பிவிட்டது.

8.30க்கு வயர்க் கூடையை எடுத்தாள். அம்மா கூடை பின்னுவது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அதைத் தொழில் என்று யாரும் சொல்வதில்லை, ‘பொழுதுபோக்கு’ என்பார்கள். அன்று பின்னியது அக்காளுக்காக. பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகையில் துணிமணி, பிளாஸ்க் எல்லாம் வைத்துக்கொள்ளத் தோதாக, அகலம் கூடுதலாக, பச்சையும் மஞ்சளும் கலந்த கூடை. அடிப்பகுதி முதல் நாளே முடிந்திருந்தது. பக்கவாட்டில் ‘சிவன் கண்’ என்னும் கட்டம் வரவேண்டும். எத்தனையாவது முடிச்சில் மஞ்சள் புகவேண்டும், எத்தனையாவதில் விலக வேண்டும் என்பதற்குத் தாளில் ஒரு கோடுகூடக் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அம்மா. நான்கு பக்கமும் சமமாக வரும்படி முடிச்சுகளைப் பங்கிடும் அந்தக் கணக்கை விளக்கச் சொல்லிக் கேட்டேன். “கைக்குத் தெரியும், எனக்குச் சொல்லத் தெரியாது” என்றாள்.

நானும் ஒரு வரிசை போட்டுப் பார்த்தேன். முடிச்சு விழத்தான் செய்தது. ஆனால் ஒன்று இறுகவும் ஒன்று தளரவும் கூடையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் என் வரிசையையும், அதன் இழுப்பில் கெட்டுப்போன தன் வரிசை ஒன்றையும் அவிழ்த்து மறுபடி போட்டாள்.

விற்பதற்குப் பின்னும் கூடையின் வரவு செலவையும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டறிந்தேன். ஒரு நடுத்தரக் கூடைக்கு நான்கு ரோல் வயர், ரூ. 240. விற்பது ரூ. 450. மிச்சம் 210. பின்னி முடிக்க ஏறத்தாழ 9 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 23 ரூபாய் சில்லறை. “பரவாயில்லையே, அவ்வளவு வருதா!” என்று அம்மா வியந்தாள். அதற்கு முன் அவள் வகுத்துப் பார்த்ததில்லை.

10.30க்கு ஒட்டன்சத்திரத்துக்குப் பேருந்து ஏறினோம். 2021இல் வந்த திட்டத்தின்படி அம்மாவுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. எனக்கு மட்டும் சீட்டு வாங்கினேன். “உனக்குச் செலவு, எனக்கு மிச்சம்” என்று சொல்லிச் சிரித்தாள். முதலில் வளையல் கடை. அக்காள் எப்போதும் போடுவது ‘இரண்டு நாலு’ அளவு. அம்மா ‘இரண்டு ஆறு’ கேட்டாள். “ஏழாம் மாசம் கை உப்பியிருக்கும். சின்ன வளையலைத் திணிச்சா உடையும், சபையில உடைஞ்சா ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க.” எனக்கு அப்படி ஒன்று தோன்றியே இருக்காது. பரிசு வாங்குவது என்றால் பணம் கொடுத்துப் பொருளை எடுப்பது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். வாங்கப் போகிறவளின் கையை மனத்துக்குள் வைத்துக்கொண்டு கடை ஏறுவதும் ஒரு வேலை என்று அன்று கண்டேன். அந்தப் பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘வளையல், 35 நிமிடம்’ என்று மட்டும் குறித்தேன்.

அடுத்தது பாத்திரக் கடை. எவர்சில்வரை எடை போட்டு விற்கிறார்கள். அம்மா ஒவ்வொரு வாளியையும் கையில் தூக்கிப் பார்த்து, விரலால் அடியைத் தட்டிப் பார்த்து, மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று திருகிப் பார்த்து, ஆறாவது வாளியில் நின்றாள். விலை 840 ரூபாய். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து எண்ணிக் கொடுத்தாள். அத்தனையும் கூடைக் காசு. நான் மனக்கணக்குப் போட்டேன்: நான்கு கூடைகள், 36 மணி நேரம்.

வாளியில் பெயர் வெட்டுகிறவர் மின்கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, “என்ன பேரும்மா போடணும்?” என்றார். அம்மா சற்றும் யோசிக்காமல் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

“அம்மா, உன் பேரைப் போடச் சொல்லு” என்றேன்.

“சும்மா இரு சாமி.”

“ரெண்டு பேரையும் போடலாமே?”

பெயர் வெட்டுகிறவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். “அவர் பேரையே போடுங்கண்ணா” என்று முடித்துவிட்டாள் அம்மா. வெளியே வந்ததும், “சபையில பாத்திரத்தை எடுத்துச் சொல்லும்போது அவர் பேரு வரணும்டா. எம்பேரைச் சொன்னா, ஏன், அவருக்கு என்னன்னு கேப்பாங்க” என்றாள். கருவி எழுத்தெழுத்தாகப் புள்ளி வைத்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 36 மணி நேர உழைப்பு என் கண்ணெதிரே பெயர் மாறிப்போயிற்று.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காய்கறி மண்டியில் மூட்டை சுமந்து, வந்த கூலியை வீட்டில் கொடுப்பவர் அவர். நாங்கள் படிக்கும் இயற்பியலில் ஒரு வேடிக்கை உண்டு. விசை ஒரு திசையிலும் நகர்வு அதற்குச் செங்குத்தாகவும் இருந்தால் செய்த வேலை சுழி. சமதரையில் மூட்டையைத் தலையில் வைத்து நடக்கும் அப்பா, பாடநூலின்படி, புவியீர்ப்பை எதிர்த்து எந்த வேலையும் செய்யவில்லை! வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது; வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு வரவில்லை. ஆனால் மண்டிக்காரர் பாடநூலைப் பார்த்துக் கூலி கொடுப்பதில்லை; தூக்கிய மூட்டையை எண்ணிக் கொடுக்கிறார். இடுப்பில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் அம்மாவுக்கோ எண்ணுவதற்கும் ஆள் இல்லை.

எண்ண வேண்டியவர்களாகிய பொருளியலாரும் இதில் வழுக்கியே வந்திருக்கிறார்கள். பிகூ என்னும் ஆங்கிலேய அறிஞர் 1920இல் எழுதிய நூலிலேயே இந்தக் கோளாற்றைச் சுட்டிக்காட்டினார்: ஒருவன் சம்பளத்துக்கு வைத்திருந்த பணிப்பெண்ணை மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும். அவள் அதே அடுப்பில் அதே சோற்றைத்தான் சமைக்கிறாள். சம்பளம் நின்றதால் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறாள். அம்மாவின் புளிச்சோற்றைப் பொட்டலம் கட்டிப் பேருந்து நிலையத்தில் விற்றால் அது உற்பத்தி. எங்கள் தட்டில் விழுந்தால் ஒன்றுமில்லை.

நம் நாட்டின் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்களை ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில் பிச்சைக்காரர்களோடும் சிறைக்கைதிகளோடும் சேர்த்து வைத்திருந்தது. 2010இல் சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கடிந்துரைத்தது. அதே வழக்கில் இன்னொன்றும் பேசப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்த்த அட்டவணை ஒன்று, சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கொள்ளச் சொல்லியிருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் உழைப்புக்கு இந்த நாட்டில் விலை கேட்பதற்கே அவள் லாரியில் அடிபட்டுச் சாகவேண்டும் போலும்! அந்த அட்டவணைப்படி அப்போதும் அப்பாவின் கூலியை மூன்றால் வகுத்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

மாற்றம் வராமலும் இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு ‘உதவித் தொகை’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமைத் தொகை’ என்று வைத்தது. சொல்தானே என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. எனக்கு வருவது உதவித்தொகை. அம்மாவுக்கு வந்தது உரிமைத் தொகை. நாளுக்கு 33 ரூபாய் என்பது வேறு விஷயம்.

புதன்கிழமைக்குத் திரும்புகிறேன். 2.30க்கு வீடு வந்து, சாப்பிட்டு, மறுபடி கூடை. 5 மணிக்குத் துணி, தண்ணீர், மாலைப் பெருக்கல். கூடைக்குக் கைப்பிடி போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். 6 மணிக்கு அடுப்பு. ஒரு பக்கம் இரவுச் சாப்பாடு, மறுபக்கம் புளிக்காய்ச்சல். ஊறிய புளியைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தது நான். அதில் குற்றம் இல்லை. பொடிக்கு மிளகாய், மல்லி, கடலைப்பருப்பு, வெந்தயம் வறுக்க வேண்டும். “வெந்தயத்தை நான் வறுக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டேன். சிவக்கட்டும் என்று காத்திருந்து, சிவந்ததும் இறக்கினேன். இறக்கிய பின்னும் அது இரும்புச் சட்டியில் கறுத்துக்கொண்டே போயிற்று. அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு அத்தனையையும் கொல்லையில் கொட்டினாள். “வாசனை வந்ததும் இறக்கணும். நிறம் வர்ற வரைக்கும் நின்னா, சட்டியில இருக்கிற சூடு மிச்சத்தைச் செஞ்சிரும்.” வெப்ப ஏற்புத்திறன் என்று நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம் அது!

நல்லெண்ணெயில் கடுகும் வேர்க்கடலையும் பொரிந்து, புளிக்கரைசல் கொதித்துச் சுண்டி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. அப்பா வந்தார். மூலையில் பளபளத்த வாளியைப் பார்த்தார்; பெயரைத் தடவிப் பார்த்தார்.

“ஏது காசு?”

“இருந்துச்சு” என்றாள் அம்மா, கரண்டியை எடுக்காமலே.

பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபோது இரவு 9.50. கூட்டினேன். சாப்பிடவும் தேநீர் குடிக்கவும் ஆன 40 நிமிடம் போக, 970 நிமிடம். அதில் கூடை 225, கடைவீதி 240, மற்றவை 505. என் கணக்கையும் நேர்மையாக எழுத வேண்டும் அல்லவா? 55 நிமிடம், அதில் இருபது நிமிடம் கெடுத்தது. விசேஷத்துக்கு முந்தின நாள் என்பதால் கணக்கு மிகைப்பட்டிருக்கலாம் என்று ஐயுற்று, அடுத்த வாரம் ஒன்றுமில்லாத ஒரு நாளில் மறுபடி எடுத்தேன். கூடையைச் சேர்க்காமலே 430 நிமிடம் வந்தது. நான் நம்பாத 299 என்பது எங்கள் வீட்டுக்குக் குறைவான எண்.

இதை ஆய்வக நண்பர்களிடம் காட்டியபோது ஒருவர் கோபித்துக்கொண்டார். “தாயன்புக்கு விலை பேசுவதா? மணிக்கு இவ்வளவு என்று போட்டால் அது தாய்மையா, கூலியா?” என்றார். மேடையில் கைதட்டல் வாங்கும் கேள்விதான். என் பதில் இது: அப்பாவும் எங்கள்மேல் அன்பால்தான் மூட்டை தூக்குகிறார். அவருக்குக் கூலி கொடுத்ததால் அந்த அன்பு குறைந்துவிட்டது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அம்மாவின் முறை வரும்போது மட்டும் ஏன் அன்பைக் காட்டிக் கணக்கை மூடுகிறோம்? இன்னொரு தோழி வேறு விதமாகக் கேட்டார்: “இதையெல்லாம் அளந்தீர்களே, அந்த 970 நிமிடமும் நீங்கள் உட்கார்ந்துதானே எழுதிக்கொண்டிருந்தீர்கள்?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து தண்ணீர் என் பொறுப்பு. வெந்தயமும் இப்போது கசப்பதில்லை.

அம்மாவுக்கு மாதச் சம்பளம் போடு என்று நான் வாதாடவில்லை. யார் போடுவது என்ற கேள்விக்கே விடை கிடையாது. நான் கேட்பது மிகச் சிறிது. படிவத்தில் அந்தக் கட்டம் வரும்போது ‘இல்லை’ என்று எழுதாமல் இருப்போம். கணக்கெடுக்க வருகிறவரிடம் திண்ணையில் இருந்தபடியே “அவ சும்மா இருக்கா” என்று சொல்லும் ஆண்குரல் நம் வீட்டிலாவது கேட்காமல் இருக்கட்டும்.

இந்த எண்ணத்தோடுதான் இவ்வாண்டின் உதவித்தொகை விண்ணப்பத்தை வீட்டுக்கே எடுத்துப்போனேன். அம்மா முன் விரித்து வைத்து, “‘கூடை பின்னுதல், வீட்டு நிர்வாகம்’ என்று எழுதப்போகிறேன்” என்றேன். அம்மா பதறிவிட்டாள்.

“கூடைன்னு எழுதாதே சாமி. எழுதினா வருமானம் எவ்வளவுன்னு கேப்பாங்க. அதை அப்பா வருமானத்தோட சேத்துட்டா உனக்கு வர்ற பணம் நின்னுபோயிரும். போன வருஷம் என்ன எழுதுனியோ அதையே எழுது.”

கொடுக்க வேண்டிய கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் பென்சிலால் எழுதுகிறேன், அழிக்கிறேன்.